72-இல் ஒரு பங்கு கோயம்புத்தூர்

1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரவு வானில் பறந்த கறுப்பு விமானம் ஒன்று எங்கள் ஊரின் பெயரைத் தாங்கியிருந்தது. ராயல் ஏர்ஃபோர்ஸின் 264-ஆவது ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவைச் சேர்ந்த, போல்டன் பால் நிறுவனத்தின் டிஃபையன்ட் ரகப் போர் விமானம் அது. வரிசை எண் என் 1801, உடலில் எழுதிய குறியெழுத்துகள் பி.எஸ்.–பி, அவற்றோடு ஆங்கிலத்தில் 'கோயம்புத்தூர் II' என்ற பெயர். பேருந்து நெற்றியிலும் கடைப் பலகையிலும் அன்றாடம் பார்த்துப் பார்த்துக் கண்ணில் பதியாமலே போய்விட்ட அந்தப் பெயரைப் பழைய போர் விமானம் ஒன்றின் மேல் கண்ட அன்றே, அந்த விமானத்தை 72-இல் ஒரு பங்கு அளவில் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானத்துக்கு ஒரு நிமிடம் ஆனது, செய்து முடிக்க ஏழு மாதங்கள் ஆயின.

பெயர் வந்த வழி எளியது. 1940-இல் பிரிட்டன் தன் பேரரசு முழுவதும் போர் விமானங்களுக்காக நிதி திரட்டியது. ஒரு போர் விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று ஒரு தொகையை நிர்ணயித்து, அதைத் தந்தவர்கள் விரும்பும் பெயரை விமானத்தில் எழுதினார்கள். உண்மையில் ஒரு விமானத்தைச் செய்து முடிக்க அதைவிடக் கூடுதலாகவே செலவாயிற்று. சென்னை மாகாணத்திலிருந்து போன பணத்தின் நினைவாக 79, 234, 264 ஆகிய மூன்று ஸ்குவாட்ரன்களின் பெயரோடு 'மெட்ராஸ் பிரெசிடென்சி' என்பது அதிகாரபூர்வமாகவே சேர்க்கப்பட்டது. கேட்டவர் ஆள்பவராகவும் கொடுத்தவர் ஆளப்படுபவராகவும் இருந்த காலத்தில் 'நன்கொடை' என்ற சொல்லை எவ்வளவு நேராக எடுத்துக்கொள்வது என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் அந்த ஐயம் விமானத்தைச் செய்யும் ஆசையைக் குறைக்கவில்லை.

டிஃபையன்ட்டைப் பற்றிச் சொல்லாமல் அதன் மாதிரியைப் பற்றிச் சொல்ல முடியாது. வுல்வர்ஹாம்ப்டன் நகரில் உருவான இந்த விமானம் 1937 ஆகஸ்ட் 11 அன்று முதன்முதலாகப் பறந்தது. பெயர்பெற்ற பிரிட்டிஷ் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயருக்கும் ஹரிகேனுக்கும் உயிர் கொடுத்த அதே மெர்லின் எஞ்சின்தான் இதிலும் இருந்தது. ஆனால் இறக்கையில் ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. விமானியின் முதுகுக்குப் பின்னால், எல்லாத் திசைகளிலும் சுழலக்கூடிய ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் இன்னொரு மனிதர். அவர் கையில் நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். நடைமுறையில் ஓட்டுபவரால் சுட முடியாது, சுடுபவரால் ஓட்ட முடியாது. ஜெர்மானியக் குண்டுவீச்சு விமானங்கள் துணைக்குப் போர் விமானங்கள் இல்லாமல் வெகுதூரம் கடந்து வரும், அவற்றின் பக்கவாட்டில் நிதானமாகப் பறந்தபடி சுட்டுக்கொண்டே போகலாம் என்பதே வடிவமைப்பாளர்களின் கணக்கு. 1940 கோடையில் பிரான்ஸ் வீழ்ந்து, அதன் கடற்கரை விமானத் தளங்கள் ஜெர்மானியர் கைக்குப் போனதும் அந்தக் கணக்கு பொய்த்தது. துணை விமானங்கள் கூடவே வந்தன.

அதற்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருந்தன. மே 13 அன்று நெதர்லாந்துப் பக்கம் போன 264-இன் ஆறு டிஃபையன்ட்களில் ஐந்து திரும்பவில்லை. அதே மாதம் 29-ஆம் தேதி, டன்கர்க் வானில், ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாக அதே ஸ்குவாட்ரன் கணக்குக் கொடுத்தது. பின்னாளில் சரிபார்த்தபோது அந்த எண் வெகுவாகக் கரைந்துபோனது. ஜூலை 19 அன்று 141-ஆவது ஸ்குவாட்ரனின் ஒன்பது டிஃபையன்ட்களில் ஆறு சில நிமிடங்களில் அழிந்தன. ஆகஸ்ட் 24 அன்று 264-இன் தலைவர் ஃபிலிப் ஹன்டரே தன் துப்பாக்கி வீரரோடு காணாமல் போனார். அந்த மாதம் முடிவதற்குள் பகல் சண்டையிலிருந்து டிஃபையன்ட் விலக்கப்பட்டது. கறுப்பு வண்ணம் பூசி அதை இரவுக்கு அனுப்பினார்கள்.

மாதிரி செய்பவர்களில் பெரும்பாலோர் பச்சையும் பழுப்புமான பகல் வண்ணத்தில்தான் இதைச் செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும் என்பது காரணம். எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய விமானம் கறுப்பில்தான் இருந்தது என்பதால் எனக்கு அந்தத் தேர்வே இல்லாமல் போனது.

நான் எடுத்துக்கொண்டது ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் 2015-இல் புதிய அச்சில் வெளியிட்ட கிட், அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பாகங்களின் தொகுப்பு. அந்த ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் கிட்கள் பல இந்தியாவில் வார்க்கப்பட்டு பிரிட்டனுக்குப் போயின. கோயம்புத்தூர்ப் பெயர் கொண்ட விமானத்துக்கான பெட்டி லண்டனில் வேலை பார்க்கும் நண்பரின் பயணப் பையில் எனக்கு வந்து சேர்ந்ததில் சிறு வேடிக்கை உண்டு. பெட்டியைத் திறந்தால் வெளிர் சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள் சில. ஒவ்வொரு சட்டத்திலும் கிளைகளில் காய் தொங்குவதுபோலப் பாகங்கள்.

என் அப்பா கணபதிப் பகுதியில் ஒரு ஃபவுண்டரியில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பேட்டர்ன் மேக்கராக இருந்தவர். பம்ப்செட்டின் உடலை முதலில் மரத்தில் செதுக்கி, அதை மணலில் பதித்து, அந்தக் குழியில் உருக்கிய இரும்பை ஊற்றும் தொழிலில் மரத்துக்குப் பொறுப்பாளர். சட்டத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் முதலில் கேட்டது இதுதான்:

"ஏங் கண்ணு, ரன்னரோடவே குடுத்திருக்கானுங்களே? கேட்டை வெட்டிச் சுத்தம் பண்ணாமயே காசு வாங்கிட்டானுங்களா?"

அதுவரை நான் ஆங்கிலக் காணொளிகள் வழியாகக் கற்ற ஒரு கலைக்கு, எங்கள் வீட்டிலேயே சொற்கள் இருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. உருகிய பிளாஸ்டிக் ஓடிவரும் வாய்க்கால் ரன்னர். அது பாகத்துக்குள் நுழையும் குறுகிய வாய் கேட். அச்சின் இரு பாதிகள் சேருமிடத்தில் விழும் கோடு பார்ட்டிங் லைன். அந்த இடுக்கில் கசிந்து படலமாக நிற்பது பிசிறு. தடித்த இடம் ஆறும்போது மேல்பரப்பு உள்ளிழுத்துக்கொண்டு விழும் குழிக்கு அப்பா 'சொட்டை' என்றார். இறக்கையின் அடிப்பகுதியில் அப்படி ஒரு சொட்டை இருந்ததை நான் ஒரு வாரமாகப் பார்க்கவில்லை, அவர் கட்டைவிரலால் தடவியதும் கண்டுபிடித்துவிட்டார். பட்டி வைத்து, காய்ந்தபின் 400, 800, 1500 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து அதைச் சமன்செய்தேன்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 72-இல் ஒரு பங்கு என்பது ஆறடியை ஓர் அங்குலமாக்கும் கணக்கு. ஆறடி மனிதர் ஓர் அங்குல பொம்மையாவார். கிட்டத்தட்ட 12 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட டிஃபையன்ட் என் மேசைமேல் 166 மில்லிமீட்டர்தான். கேட்கச் சுலபமாக இருக்கும் இந்தக் கணக்கு நெருங்கிப் பார்த்தால் கொடுமையானது. பிளாஸ்டிக்கில் 0.3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளக் கோடு விழுந்தால், அசல் விமானத்தில் அது இரண்டு சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட பிளவு. தகடுகளுக்கிடையே விரல் நுழையும் இடைவெளியோடு எந்த விமானமும் பறந்ததில்லை. அந்தக் கோடுகளைக் கறுப்பு மையால் நிரப்பி மேலும் எடுத்துக்காட்டும் இன்றைய பழக்கம் எனக்கு உவப்பானதல்ல. விமானம் ஓடு வேய்ந்த கூரைபோல ஆகிவிடுகிறது.

ஒட்டும் வேலையில் பெரும்பகுதி ஒட்டாத வேலைதான். இரு பாகங்களைப் பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பது, இடிக்கும் இடத்தைச் சீவுவது, மீண்டும் பொருத்திப் பார்ப்பது என்று மாலைகள் கழியும். பொருந்தியபின் தண்ணீர் போன்ற பசையைத் தூரிகை நுனியால் இடுக்கில் தொட்டால் போதும், நுண்துளை ஈர்ப்பில் அது தானாகவே கோடு முழுதும் ஓடிவிடும். உண்மையில் அது பசையே அல்ல. பிளாஸ்டிக்கைக் கரைத்து, இரு பரப்புகளையும் ஒன்றோடொன்று கலக்கவிட்டு, ஆவியாகிப் போகும் கரைப்பான். வெல்டிங் என்று சொன்னால் எங்கள் ஊரில் உடனே புரியும். விமானியின் இருக்கை, கட்டுப்பாட்டுத் தண்டு, கருவிப் பலகை எல்லாவற்றுக்கும் சாம்பல் கலந்த பச்சை பூசி, உடலின் இரு பாதிகளை மூடியபின் அவற்றில் முக்கால் பங்கு கண்ணில் படவில்லை. அதற்காக வருந்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

என் ஏழு மாதங்களில் மூன்றை விழுங்கியது அந்தக் கூண்டு.

அசலில் அது மின்சாரமும் ஹைட்ராலிக்கும் சேர்ந்து சுழற்றிய பொறி. துப்பாக்கி வீரர் அதனுள்ளேயே அமர்ந்து அதனோடே சுழல்வார். கூண்டுக்கு முன்னும் பின்னும் உடலின் முதுகில் இரண்டு மேடுகள் உண்டு. காற்று தடையின்றி வழிந்தோடுவதற்காக வைத்த அவை, துப்பாக்கிகள் திரும்பும்போது வழிவிட்டுத் தாமாகவே கீழே இறங்கிக்கொள்ளும். எனவே மாதிரியில் துப்பாக்கிகளைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் மேடு இறங்கியிருக்க வேண்டும். மேட்டை உயர்த்தி வைத்தால் துப்பாக்கிகள் பின்னோக்கிப் படுத்திருக்க வேண்டும். நான் முதலாவதைத் தேர்ந்துகொண்டு, துப்பாக்கிகளை இடப்புறம் திருப்பிச் சாய்வாக மேலே உயர்த்தினேன். இரவில் டிஃபையன்ட் வேட்டையாடிய விதம் அப்படித்தான். குண்டுவீச்சு விமானத்தை அதன் அடிவயிற்றுக்குக் கீழிருந்து அணுகினால் மேலே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. கீழேயிருந்து பார்ப்பவருக்கோ நட்சத்திரங்களை மறைத்து நகரும் ஒரு பெரிய நிழல் தெரியும். முன்னோக்கி மட்டுமே சுடக்கூடிய விமானம் அந்த இடத்திலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. பகலில் பெருங்குறையாக இருந்த கூண்டு இரவில் பயன்பட்டது. 'கோயம்புத்தூர் II'-வில் பறந்த விமானி டெஸ்மண்ட் ஹியூஸும் துப்பாக்கி வீரர் ஃப்ரெட் காஷும் பகலும் இரவுமாக டிஃபையன்ட்டில் ஐந்து விமானங்களை வீழ்த்தினார்கள். ஹியூஸ் பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷல் ஆனார்.

கிட்டிலிருந்த துப்பாக்கிக் குழல்கள் மோசமில்லை, ஆனால் நுனியில் துளை கிடையாது. பிரௌனிங்கின் குழல் அதன் உறையோடு சேர்த்து மூன்று சென்டிமீட்டரை ஒட்டிய தடிமன் கொண்டது. 72-ஆல் வகுத்தால் 0.42 மில்லிமீட்டர் வரும். 27 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 0.41. மருந்துக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "யாருக்குங்க?" என்று கேட்டார். விமானத்துக்கு என்று சொல்ல வாய் வராமல், "வீட்டுக்குத்தானுங்க" என்று மழுப்பி நான்கு ஊசிகள் வாங்கிவந்தேன். ஊசியைக் கட்டரால் வெட்டினால் துளை நசுங்கிவிடும். மேசைமேல் வைத்து, பிளேடை மேலே அழுத்தி, சப்பாத்திக் கட்டைபோல முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். சுற்றிலும் ஒரு கோடு விழுந்தபின் விரலால் மடக்கினால் சுத்தமாக முறியும். முறியும் துண்டு எங்கே பறக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நான்கு குழல்களுக்கு ஏழு துண்டுகள் வெட்டினேன்.

உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் கரைப்பான் சேர்க்காது என்பதால் குழல்களை உடனே ஒட்டும் குவிக் பசையால் ஒட்டினேன். அதே இரவில் கண்ணாடிக் கூண்டையும் மேலே மூடிவிட்டேன். தவறு முழுக்க என்னுடையது, படித்திருந்தும் பொறுக்கவில்லை. காலையில் பார்த்தால் குளிர்காலத்து ஜன்னலில் யாரோ உள்ளேயிருந்து மூச்சுவிட்டதுபோலக் கூண்டு வெளுத்திருந்தது. குவிக் பசை காயும்போது எழும் ஆவி, மூடிய இடத்தில் வெளியேற வழியின்றிக் கண்ணாடியின் உட்பரப்பில் படிந்து கெட்டியாகிவிடுகிறது. என் விரல்ரேகை பட்டிருந்த இடத்தில் ரேகையையே பிரதியெடுத்திருந்தது. அந்த வெண்மைக்குப் பின்னால் துப்பாக்கி வீரரின் உருவம் மங்கலாகத் தெரிந்தது. அடிபட்ட டிஃபையன்ட்டில் மிகக் கடினமான காரியம் அவர் அந்தக் கூண்டிலிருந்து வெளியேறுவதுதான் என்று படித்திருந்தேன். மின்சாரம் போனால் கூண்டு திரும்பாது, குறுகிய கதவு சரியான திசைக்கு வராது. கையில் டார்ச்சுடன் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் காலை எனக்குக் கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது.

கூண்டை உடலோடு ஒட்ட வெள்ளைப் பசையைப் பயன்படுத்தியிருந்தது என் ஒரே நல்ல காரியம். வெதுவெதுப்பான தண்ணீரைத் தூரிகையால் ஓரம் முழுதும் தொட்டுத் தொட்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்தபின் அது கழன்றது. ஒளிபுகும் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை கொண்டது, நெம்பியிருந்தால் இரண்டாகியிருக்கும். பிறகு பல்குத்தும் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, பற்பசை தொட்டு, ஒவ்வொரு சிறு சட்டத்துக்குள்ளும் வட்டமாகத் தேய்த்தேன். நான்கு இரவுகள் ஆயின. கடைசியில் தண்ணீரில் கழுவி, தரைக்குப் பூசும் ஒளிபுகும் அக்ரிலிக் பாலிஷில் முக்கி எடுத்ததும் கண்ணாடி பழையபடி ஆனது, வலப்புற மூலையில் ஒரு சட்டத்தைத் தவிர. அங்கே குச்சி போகவில்லை. விமானம் அலமாரியில் இடப்புறம் காட்டி நிற்பதற்கு இதுவே காரணம்.

உடலின் அடியில் வைக்கும் ரேடியோ ஏரியல் கம்பங்களில் பலர் வழுக்கிவிழுகிறார்கள். முதுகில் கூண்டு சுழல வேண்டியிருந்ததால் டிஃபையன்ட்டின் ஏரியல்களை வயிற்றுப் பக்கம் கொண்டுபோய், சக்கரங்கள் உள்ளே மடங்கும்போது அவை வெளியே நீளுமாறும், சக்கரங்கள் இறங்கும்போது அவை உள்ளே போகுமாறும் அமைத்தார்கள். தரையில் நிற்கும் விமானத்தில் கம்பங்கள் நீண்டிருந்தால் அவை ஓடுதளத்தில் உராயும். என் விமானம் சக்கரங்களில் நிற்கிறது, ஆகவே கம்பங்கள் இல்லை. பெட்டியில் மிச்சமான அந்த இரு துண்டுகளையும் பார்த்தவர்கள் ஏதோ ஒட்ட மறந்துவிட்டேன் என்றே நினைக்கிறார்கள்.

பிறகு கறுப்பு. ஒரு டப்பா கறுப்பை அடித்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அப்படி அடித்தால் கையில் இருப்பது விமானமாக இராது, விமான வடிவத்தில் ஒரு துளையாக இருக்கும். சிறிய பொருளின் மேல் தூய கறுப்பு எல்லா விவரத்தையும் விழுங்கிவிடும். இரவு டிஃபையன்ட்களுக்குப் பூசிய சிறப்புக் கறுப்பு பளபளப்பே இல்லாத, கரிபிடித்த சட்டியின் அடிபோன்ற சொரசொரப்பான பூச்சு. தேடுவிளக்கின் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்குவதற்காக அப்படிச் செய்தார்கள். ஆனால் கை பட்டால் உதிரும், கால் பட்டால் தேயும். அந்தத் தேய்மானம்தான் எனக்கு வழி காட்டியது. முதலில் முழுதும் கறுப்பு. அதன்மேல் கறுப்பில் கொஞ்சம் சாம்பலும் மிகச் சிறிது பழுப்பும் கலந்து, நீர்க்க நீர்க்க, ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் மேகம்போல ஏர்பிரஷ்ஷால் படரவிட்டேன். மெக்கானிக்குகள் ஏறி இறங்கும் இறக்கை வேரிலும், எஞ்சின் மூடியைக் கழற்றிப் பூட்டும் ஓரங்களிலும் பென்சில் கரியைப் பொடியாக்கி விரல் நுனியால் தேய்த்ததும் உலோகத்தின் மங்கிய மினுமினுப்பு வந்தது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஈரத்தையும் தூசியையும் சேர்த்துக் கொண்டுவரும். கறுப்பின் மேல் ஒரு தூசு விழுந்தால் அது செங்கல்லாகத் தெரியும். ஈரமான நாளில் வார்னிஷ் அடித்தால் வெள்ளை பூத்துவிடும் என்பதால் புரட்டாசியில் வெயில் திரும்பும்வரை அதைத் தள்ளிவைத்தேன்.

கடைசியாகப் பெயர். எழுத்தும் சின்னமும் அச்சிட்டு, நீரில் ஊறவைத்து ஒட்டும் மெல்லிய படலம்தான் டிகால். அதைச் சொரசொரப்பான பரப்பின் மேல் நேரடியாக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி படர்ந்ததுபோல் தெரியும். எனவே முதலில் பளபளப்பு வார்னிஷ், பிறகு டிகால், அதன் மேல் மறுபடியும் மங்கல் வார்னிஷ். மஞ்சள் வளையமிட்ட வட்டச் சின்னங்களும் குறியெழுத்துகளும் எளிதாகவே போய்ச் சேர்ந்தன. ஊர்ப் பெயர் மொத்தமும் இரண்டு அரிசியை வரிசையாக வைத்த நீளந்தான், எழுத்து ஒவ்வொன்றும் கடுகிலும் சிறியது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் ஊறியதும் காகிதத்திலிருந்து நழுவத் தொடங்கியது. தூரிகை நுனியால் அதை மூக்குப் பக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போனபோது மூச்சை அடக்கியதில் கண் இருட்டியது. டிகாலை இளக்கும் திரவத்தைத் தொட்டதும் பெயர் சுருண்டு சுருங்கி, கெட்டுப்போனது என்று நான் முடிவுகட்டிய வேளையில் மெல்லத் தளர்ந்து, வண்ணம் தீட்டியதுபோலப் பரப்போடு படிந்தது. அது காயும்வரை அறையில் மின்விசிறியைப் போடவில்லை.

மறுநாள் அப்பாவிடம் காட்டினேன். பட்டறைக் காலத்தில் பேட்டர்னின் அளவுக் கோடுகளைப் பார்க்க வைத்திருந்த லென்ஸை எடுத்துவந்து, ஜன்னல் பக்கம் நகர்ந்து, பெயரை ஒவ்வொரு எழுத்தாக உதடு அசையப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. கூண்டைப் பார்த்தார், ஊசிக் குழல்களைப் பார்த்தார், பிறகு விமானத்தை இரு விரல்களால் பிடித்து மெதுவாகக் கவிழ்த்து, வால் சக்கரத்துக்கு அருகே கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். நகம் ஓரிடத்தில் நின்றது.

"இங்க ஒரு பிசிறு விட்டுட்ட பாரு."